பின் சீட்டில் விழுந்த குழி

இதைப் படித்துவிட்டுச் சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் தம்பி லெஸ்டரும் அப்படிச் சிரித்தவன்தான். அன்று சாயங்காலம் நான் பார்த்ததை அவனும் என் பக்கத்தில் நின்று பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுப்பதே இல்லை. நான் எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் வெர்னா. மொன்டானாவில், டார்பி என்கிற ஊரில் பைக் சீட் செய்யும் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி போட்டுத் தரும் சீட்டில் பக்கத்து ஊருக்குப் போய் வரலாம். நாடு விட்டு நாடு போகிறவர்களுக்கு அது ஆகாது, இரண்டாம் நாளே உட்காரும் இடம் மரத்துப் போகும். அதனால் நீண்ட பயணத்துக்குப் பைக்கைத் தயார் செய்கிறவர்கள் கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள். காற்றைத் தடுக்கும் உயரமான கண்ணாடி, கைப்பிடியைச் சூடாக்கும் கருவி, பக்கப் பெட்டிகள் எல்லாவற்றையும் போட்டு முடித்து, காசையெல்லாம் கரைத்த பிறகுதான் தங்களுக்கும் ஒரு பின்புறம் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரும்.

வேலை எளிது. சீட்டின் உறையை உரித்து, புது ஃபோம் ஒட்டிச் செதுக்குவேன். அதன் மேல், அழுத்தினால் மெதுவாக எழும்புகிற வேறொரு ஃபோமை முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை ஒரே விரிப்பாகப் போட்டுவிடுவேன். வாடிக்கையாளர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினால், அவர் உட்கார்ந்த குழி அந்த விரிப்பில் கொஞ்ச நேரம் நிற்கும். அதைப் பார்த்து எங்கே செதுக்க வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்வேன். முகத்தை மறந்துவிடுவேன். குழியை மறக்க மாட்டேன்.

என் மகள் ஷெல்பிக்கும் நான்தான் சீட் செய்தேன். பதினோரு வயதில் வைக்கோல் லாரியிலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் கால் ஒரு கட்டைவிரல் அளவு குட்டையாகிவிட்டது. அதனால் எப்போதும் வலது பக்கம் சாய்ந்துதான் உட்காருவாள். வலது குழி ஆழமாக இருக்கும். இடது குழி மேலோட்டமாக, கொஞ்சம் முன்னால் தள்ளி விழும். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு குழி அவள் ஒருத்திக்குத்தான்.

இருபத்தி நான்கு வயதில் கடை விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டு மேற்கே போர்ட்லண்டுக்குப் போனாள். கடைசியாக ஃபோனில் பேசியபோது, "உன் கடையும் வேணாம், நீயும் வேணாம்" என்றாள். அதற்குப் பிறகு ஃபோன் இல்லை. போலீஸில் விசாரிக்கச் சொன்னேன். அறையைக் காலி செய்துவிட்டு, சாமான்களையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டாள் என்றார்கள். வளர்ந்த பெண், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள்.

எங்கே வேண்டுமானாலும் போனாள், இங்கே மட்டும் வரவில்லை. அப்படித்தான் ஒன்பது வருடம் நினைத்திருந்தேன். உயிரோடு இருக்கிறாளா, இருந்துகொண்டே என்னை வேண்டாம் என்கிறாளா... எது மேல் என்று கூட எனக்குத் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் இதேதான்.

அக்டோபர் கடைசி. முதல் பனி விழுவதற்கு முன் வந்த கடைசி வாடிக்கையாளர் ஹோவ்லண்ட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாஷிங்டன் பக்கத்திலிருந்து லோலோ கணவாய் வழியாக வந்திருந்தார். அரிசோனாவில் மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார். 650 சிசி பைக். பாவம், நடக்கும்போதே காலை அகட்டி அகட்டி நடந்தார்.

"சீட்டு மட்டும் இல்ல மேடம். பின்னாடி ஸ்பிரிங்கும் போயிருச்சு போல. நேத்துலேர்ந்து பின்பக்கம் உக்காந்துக்கிட்டே இருக்கு" என்றார்.

"சாமான் எவ்வளவு ஏத்தியிருக்கீங்க?"

"அதே சாமான்தான். புறப்பட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து கணவாய் ஏறும்போது எதிர்ல வர்ற லாரிக்காரன் எல்லாம் எனக்கு லைட் அடிச்சுத் திட்டுறான். பின்னாடி தாழ்ந்து முன்லைட்டு வானத்தைப் பாக்குதாம்."

பெட்டிகளையும் பையையும் இறக்கிக் கடைக்குள் வைத்தோம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை. நல்ல ஸ்பிரிங்.

நான்கு மணிக்கு விரிப்பைப் போட்டு அனுப்பினேன். பக்கத்து ஊரான கான்னர் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். விரிப்பைப் பார்த்த லெஸ்டர் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"பெரியவரே, வழியில யாரைப் பிக்கப் பண்ணீங்க? எங்க கிட்ட சொல்லலாம், வீட்டுக்காரம்மாகிட்ட சொல்ல மாட்டோம்."

பின் சீட்டிலும் இரண்டு குழி.

"நான் தனியாத்தான்பா போனேன்" என்றார் ஹோவ்லண்ட். அவர் சிரிக்கவில்லை.

பையை வைத்திருந்த தடமாக இருக்கும் என்றேன். பை விரிப்புப் போடுவதற்கு முன்பே இறக்கப்பட்டது என்பது எனக்கே தெரியும். குனிந்து சரியாகப் பார்ப்பதற்குள் குழி எழும்பி மறைந்துவிட்டது. முன் சீட்டைக் கொஞ்சம் செதுக்கி, புது விரிப்புப் போட்டு மறுபடி அனுப்பினேன்.

இந்த முறை வாசலிலேயே நின்றேன். ஐந்தரை மணி இருக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சரளைக் கல்லில் பைக் வரும் சத்தம் கேட்டது. லைட் வெளிச்சம் எங்கள் கூரைக்கு மேலே, பைன் மரத்து உச்சியில் விழுந்தது.

பைக் வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது.

ஹோவ்லண்ட் இறங்கி, பைக்கைத் திரும்பிப் பார்க்காமல் கடைக்குள் நடந்தார். ஆள் இறங்கினால் ஸ்பிரிங் எழும்பும். எழும்பியது... கொஞ்சம்தான். பாதியில் நின்றது.

லெஸ்டர் என் கையைப் பிடித்தான்.

க்ரீச்...

பின்னால் கால் வைக்கும் இடது பக்கக் கட்டை மெல்லக் கீழே அழுந்தியது. யாரோ அதில் காலூன்றுவது போல.

பிறகு பைக் முழுதாக எழும்பி நின்றது.

சரளைக் கல்லில் சத்தம்.

சரக்...

சர.

சரக்...

சர.

ஒரு அடி அழுத்தமாக. ஒரு அடி லேசாக.

என்னை நோக்கித்தான் வந்தது. எனக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது.

பின் சீட்டைப் பார்த்தேன். வலது குழி ஆழமாக. இடது குழி மேலோட்டமாக, கொஞ்சம் முன்னால் தள்ளி.

கையை வைத்தேன். முன் சீட்டுக் குழி ஹோவ்லண்டின் சூட்டில் இளம்சூடாக இருந்தது. பின் சீட்டுக் குழி...

ஜில்லென்று இருந்தது.

ஈரமாக இருந்தது.

"ஷெல்பி?" என்றேன்.

குழி மெதுவாக, என் உள்ளங்கைக்குக் கீழேயே எழும்பி மறைந்தது. நான் கையை எடுக்கவில்லை. பயந்தேனா என்றால் பயந்தேன். ஆனாலும் அந்தக் குழி மறையக் கூடாதே என்றுதான் அழுதேன்.

ஹோவ்லண்டிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் எப்படி அந்தப் பைக்கில் ஏறுவார்? விளக்கு வெளிச்சத்தில் சீட்டை முடித்து உறை தைத்துக் கொடுத்தேன். லெஸ்டர் நூலை மூன்று முறை அறுத்துக்கொண்டான். ஹோவ்லண்ட் அன்று ராத்திரி எதிரே இருந்த விடுதியில் தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்பிப் போனார்.

மதியம் ஃபோன் வந்தது. தெற்கே சாமன் என்கிற ஊரில் சூப் குடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"மேடம், என்ன மாயம் பண்ணீங்க? பைக் பஞ்சு மாதிரி போகுது. பின்னாடி தாழவே இல்ல. லைட்டும் ரோட்டுலதான் விழுது. ஸ்பிரிங் மாத்தினதுக்குக் காசு வாங்கவே இல்லையே நீங்க?"

"நான் ஸ்பிரிங்கைத் தொடவே இல்ல" என்றேன். பிறகு கேட்டேன். "ஹோவ்லண்ட், அந்தப் பாரம் எந்த இடத்துலேர்ந்து ஆரம்பிச்சுது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"லாக்சா ஆத்தோரம். கணவாய்க்கு முன்னாடி ஒரு வளைவு. ரோட்டோரத்துல ஹெல்மெட் ஒண்ணு தரையில இருந்துச்சு. அதான் நிறுத்தினேன்."

பைக் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும். ரோட்டோரத்தில் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தால் உதவி வேண்டும் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவன் எங்கள் ஆளே இல்லை.

"வெள்ளை ஹெல்மெட்டு. இறங்கிக் கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் இல்ல. சரிவுல எட்டிப் பாத்தேன், ஒரே மரம். திரும்பி வந்து பாத்தா ஹெல்மெட்டையும் காணோம். எவனோ விளையாடுறான்னு நெனச்சு ஏறி உக்காந்தேன்... அப்பதான் பின்பக்கம் தாழ்ந்துச்சு."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"மேடம், எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். பேத்தியை நல்லாப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஷெரிஃப் ஆபீஸில் என்னை எத்தனை பேர் ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று எழுதினால் அது தனிக் கதை. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஐடஹோ மாநிலம். அந்த வளைவில் சரிவில் இறங்கித் தேடச் சொல்லி அங்கிருந்த ஆட்களிடம் கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் இந்தக் கிழவியின் வாயை அடைக்கவாவது பார்த்துவிடுவோம் என்று ஒரு காலையில் கயிறு கட்டி இறங்கினார்கள். மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஷெரிஃபின் உதவி அதிகாரி, டெபுடி ஒருவர் கடைக்கு வந்தார். ஹர்லி என்று பெயர். சின்னப் பையன் மாதிரி முகம். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கம்மா."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க."

தண்ணீர் ஓரம், இரண்டு பாறைக்கு நடுவே பைக் கிடந்ததாம், மேலே மரம் சாய்ந்து மூடியிருந்ததாம். ரோட்டிலிருந்து யார் பார்த்தாலும் தெரியாது. எண் தகட்டை வைத்து ஷெல்பியின் பைக்தான் என்று உறுதி செய்துவிட்டார்கள். ஒன்பது வருடமும் அங்கேதான் கிடந்திருக்கிறது.

"எந்தப் பக்கம் போயிட்டு இருந்தா?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

"கிழக்க பாத்துதாம்மா. தடுப்புல உரசின தடம் கூட இன்னும் இருக்கு. இந்தப் பக்கமாத்தான் வந்திருக்காங்க. பெட்டியெல்லாம் துணிமணி, சமையல் பாத்திரம், குளிர்காலக் கோட்டு. வீடு மாத்திட்டு வர்ற மாதிரி."

கிழக்கே அந்த ரோடு கணவாய் ஏறி இறங்கினால் இந்தப் பள்ளத்தாக்குதான். இங்கே அவளுக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான் இருந்தது. என் பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே ஒன்பது வருடம் இங்கே சோறு தின்றிருக்கிறேன்.

லெஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஹர்லி கிளம்பப் போனார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஹெல்மெட்? வெள்ளை ஹெல்மெட் ஒண்ணு மேலே, ரோட்டோரம் கிடைச்சுதா?"

அவர் தொப்பியை மேஜையில் வைத்தார்.

"வெள்ளைதாம்மா. ஆனா மேலே இல்ல. அவங்க தலையிலதான் இருந்துச்சு. தாடை வார் கூட அவுக்கல... அவுக்க அவங்களுக்கு நேரம் இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னார்."