பேங்குக்குப் பிறந்தநாள்

சீனாவில் ஒரு தனியார் பேங்க் உருவான கதை எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே அத்துப்படி. குவைத் அப்பாசியாவில் எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு நாட்டின் பேங்க். சீட்டுக் குலுக்கியதில் என் தலையில் சீனா விழுந்தது. பக்கத்து பெஞ்சுக்காரிக்கு மட்டும் சுளையாக இந்தியா. எனக்கு வயிறு எரிந்தது.

நல்லவேளை, வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, ஒரு சீனக் கம்பெனியில் டிரைவர். அவருடைய சீன மேனேஜர் கொடுத்த காலண்டர் ஹாலில் தொங்கியது. நடுவில் ஒரு பேங்கின் கண்ணாடிக் கட்டடம், சுற்றிலும் பன்னிரண்டு மாதம். டியூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சிவப்புப் பேனாவால் அன்றைய தேதியை அடிப்பார். ஜூன் மாதத்தில் ஒரு தேதிக்கு மட்டும் வட்டம். அது அவர் கல்யாண நாள். இரண்டு வருடம் கழித்துக் கிடைக்கிற லீவ் அதற்காகத்தான்.

பேங்கின் கதையை மேனேஜரிடம் தன் அரைகுறை இங்கிலீஷில் கேட்டுவந்து சொன்னார்.

“எல்லாம் சர்க்காரு பேங்கா இருந்த ஊருல, யாவாரிங்க கூடி சொந்தப் பணத்தப் போட்டு ஆரம்பிச்சாங்களாம் பாப்பா. ஊரே சிரிச்சுதாம். மேனேஜரோட அப்பாதான் அந்தத் தெருவுல மொத ஆளாப் போயி கணக்கு தொறந்தாராம்.”

கதையைக் கொடுத்த மாமா காலண்டரைக் கொடுக்கவில்லை. சார்ட்டில் ஒட்ட வேண்டுமென்று நானும் எவ்வளவோ கெஞ்சினேன்.

“அதுல கைய வச்ச, தொலைச்சுப்புடுவேன். நான் ஊருக்குப் போறப்ப நீயே எடுத்துக்க.”

கண்காட்சி முடிந்தபிறகு அதை வைத்து நான் என்ன செய்வது? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மே மாதத்தில் அந்த மேனேஜர் சீனாவுக்கே திரும்பிவிட்டார். புதிதாக வந்தவர், சைட் வேலை முடியும்வரை யாருக்கும் லீவ் மாஃபி, கிடையவே கிடையாது, போகிறவன் ஒரேயடியாகப் போகலாம் என்றுவிட்டார். வேலையை விட்டுவிட்டு வருகிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஊருக்குப் போன் போட்டுப் பேசிய அம்மா, வைத்துவிட்டு அழுதாள். மாமா ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. எடுத்துக்க பாப்பா.”

நான் குதித்தேன். சார்ட்டில் பசை தடவி ஒட்டியதும் அவர்தான்.

கண்காட்சியில் நடுவராக வந்த டீச்சர் அந்த வட்டத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். மாமா கல்யாணம் என்றால் மார்க் போய்விடுமே! பேங்க் தொடங்கிய நாள் என்று கூசாமல் சொன்னேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. இந்தியாவுக்கு ஒன்றும் இல்லை.

அந்தத் தேதியும் வந்தது. மாமா டியூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதே பெண்ணுக்கு அதே முகூர்த்தத்தில் வேறு மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தான் என்பதை அம்மா சொன்னது நான் காலேஜ் போனபிறகு.

“மாமா, இன்னிக்கு நம்ம பேங்குக்குப் பிறந்தநாள்! ஸ்வீட் எங்க?” என்று அவர் முதுகில் தொங்கினேன்.

ஷூவுக்குக் கயிறு கட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு கீழே இருந்த பக்காலா மளிகைக் கடைக்கு அழைத்துப்போய் இரண்டு லட்டு வாங்கினார். இரண்டையும் எனக்கே கொடுத்துவிட்டார். எனக்கு லாபம் என்றுதான் நினைத்தேன்.