யாரோ கை வெச்சிருக்காங்க

கணினி ரிப்பேரை நான் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்து, அப்படியே கற்றுக்கொண்டதுதான். ஆனால் வாய் மட்டும் முதல் நாளே தொழிலுக்குத் தயாராகிவிட்டது. கோளாறு பிடிபடாதபோது சொல்வதற்கென்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு: “யாரோ கை வெச்சிருக்காங்க சார்.” அதைச் சொல்லிவிட்டால் தெரியாதவன் என்ற பெயர் நமக்கு வராது. வேறு யாருக்கு என்ன பெயர் வரும் என்று நான் யோசித்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு வியாபாரியின் அலுவலகம். முதலாளி அறையில் பெரிய மிஷின். சரக்கு விவரம், பில் எல்லாம் அதற்குள். வெளிக்கூடத்தில் இருந்த நான்கு மிஷின்களும் ஒயர் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒயர் இழுத்து இணைத்தவன் நானே. இணைத்த மறுவாரத்திலிருந்து, காலையில் போட்டதும் நான்கின் திரையிலும் ஒரே பெட்டி முளைத்தது: பெரிய மிஷினைக் காணவில்லை, இனிமேலும் தேட வேண்டுமா? அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? ‘வேண்டாம்’ என்று அமுக்கி விரட்டிவிடுவார்கள். அதோடு இணைப்பும் போய்விடும். பில் வராது. சரக்கு ஏற்றிய லாரிகள் வாசலில் நிற்கும்.

போன் வரும். நான் மதியத்துக்கு மேல் போய் இணைத்துக் கொடுப்பேன். நான்கையும் அணைத்துப் போட்டுப் பார்த்தால் நன்றாக வேலை செய்யும். மறுநாள் காலையில் பழையபடி அதே பெட்டி. ஒயரை மாற்றினேன். இரும்புத் தூள் என்று சொல்லி மிஷினைத் திறந்து ஊதினேன். மூன்றாவது வாரம் முதலாளி என்னை முறைத்தபோது வாயிலிருந்து தானாக வந்தது அந்தப் பேச்சு.

காலையில் முதலில் வருவது பில் போடும் பெண். ராயபுரத்திலிருந்து டோல்கேட் வழியாக ஷேர் ஆட்டோவில் ஒன்பதுக்கெல்லாம் வந்து, நான்கு மிஷின்களையும் போட்டுவைப்பவர் அவர். ஆகவே அந்த ‘யாரோ’ அவரானார். லாரிக்காரர்கள் அதை இன்னும் கொஞ்சம் வளர்த்தார்கள்.

“இன்னாம்மா, இன்னிக்கும் படுத்துக்கிச்சா? உன் கை பட்டாலே பேஜாருதான்!”

“அந்தக்கா கைராசி அப்பிடி, மாமு. நம்ம லாரியத் தொடவுடாதே!”

இரும்பு மார்க்கெட்டில் ராசி கெட்ட கை என்று பெயர் வந்தால் அப்புறம் எந்தக் கடையிலும் உட்கார முடியாது. மாசக் கடைசியோடு அவரை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

அந்தப் பெண் என்னை வாசலில் மறித்தார். “நான் இன்னா பண்ணேன்னு சொல்லிட்டுப் போண்ணா. வூட்ல கேக்குறாங்க, எனக்கே தெரியாததை நான் இன்னான்னு சொல்றது?”

மறுநாள் முதன்முறையாகக் காலை ஒன்பதுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். அவர் நான்கு மிஷின்களையும் போட்டார். நான்கிலும் பெட்டி. முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெரிய மிஷின் இருட்டாகக் கிடந்தது.

“அதைப் போடலையா?”

“சூடம் காட்டாம அத்த யாரும் தொடக்கூடாது. முன்னாடி கல்லாப்பெட்டிக்கு அப்பிடித்தான். கணக்கெல்லாம் அதுக்குள்ள போனதும் பூஜையும் அங்கப் போயிடுச்சி.”

ஒன்பதரைக்கு முதலாளி வந்தார். மிஷினுக்குக் குங்குமம் வைத்து, பூ சாத்தி, சூடம் காட்டி, பித்தானை அமுக்கினார். தேடியபோது தூங்கிக்கொண்டிருந்ததைத்தான் நான்கும் காணவில்லை என்றிருக்கின்றன. நான் மதியம் போகும்போது அது எப்போதும் விழித்தே இருந்ததால் எனக்குத் தெரியவேயில்லை.

அவரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. “அப்ப என் பூஜைலதான் கோளாறுன்றியா?”

“இல்ல முதலாளி. பெருசை முதல்ல போடணும்னு நான் சொல்லிக் குடுத்திருக்கணும். சொல்லல. காலையில ஒரு நாள் வந்து பார்க்காமலே, யாரோ கை வெச்சாங்கன்னு சொல்லிட்டேன். அந்தம்மா மேல ஒண்ணுமில்ல.”

சூடத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். “நான் எட்டே முக்காலுக்கு வந்துடறேன்,” என்றார். கடைசியில், வெளிக்கூடத்துப் பக்கம் திரும்பாமலே, “அந்தப் பொண்ணு இருக்கட்டும்.”

நல்ல செய்தி என்று பில் போடும் பெண்ணிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. வாசலைக் காட்டினார்.

“உள்ள சொல்லிட்ட, சரி. அங்க நிக்கிறாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?”

வெளியே நாலைந்து ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன். என் வாய்க்கு வார்த்தை வராமல் போனது அன்றுதான். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். ஒருவர் டீயை உறிஞ்சியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா நைனா, இத்தினி நாளா எங்க லாரிய நிக்க வெச்சது நீதானா?”

“நான்தான்,” என்றேன், உள்ளே பில் போட்டுக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும்படி.