தலை குனியாத கார்

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் என் மாமனார் செகண்ட் ஹேண்டில் ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினார். சென்னையிலிருந்து அதை ஓட்டி வந்து கொடுத்தவர், முன்விளக்கைத் தட்டிக் காட்டினார். "இது செனான் லைட்டு சார். டிக்கில வெயிட்டு ஏறுனா வண்டி மூக்கைத் தூக்கும், அப்ப லைட்டு தானா கீழ இறங்கிடும். எதிர வர்றவங்க கண்ணு கூசக் கூடாதுன்னு வெச்சிருக்கான்."

சிதம்பரம் கீழ சன்னதியில் பூஜை போட்டோம். சாவியைத் திருப்பியதும் வெளிச்சம் ஒரு தடவை தாழ்ந்து எழுந்தது. "பாத்தியாம்மா, நடராஜருக்குக் கும்பிடு போடுது" என்ற மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அன்று அந்தக் காரைப் பிடித்துத்தான் இருந்தது.

பலாப்பழ சீசன் வந்தது. காடாம்புலியூரிலிருந்து டிக்கி நிறையப் பழம் ஏற்றி வந்த மனுஷர், இறங்கும்போதே கடுகடுவென்று இருந்தார். "ஊர்ல இருக்கற வண்டிலாம் தூரத்துக்கு அடிக்குது. நம்முது மட்டும் ரோட்டப் பாத்துக்கினு வருது. இவ்ளோ குடுத்து வாங்கின வண்டி எவனுக்கோ தலை குனியணுமா?" மறுநாளே கடலூரில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். பின் அச்சுக்குப் பக்கத்தில் விளக்கை ஏற்றி இறக்கச் சொல்லும் சின்னக் கம்பி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெளிச்சம் புளியமரத்து உச்சியில் அடித்தது. எதிரே வருகிறவர்கள் பொறுக்கமாட்டாமல் டிம் அடித்துக் காட்டினால், "மரியாதை குடுக்கறான்" என்பார். சாமிக்குக் குனிந்தால் பக்தி, மனுஷனுக்குக் குனிந்தால் கேவலமா? சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அப்போது கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். ஏழு மணிக்கு முடித்து, சிதம்பரம் ரோட்டில் ஸ்கூட்டியில் வீடு திரும்புவேன். குடிகாடு வந்தால் கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்த ஒரு கை வேண்டும். எதிரே வரும் விளக்குகளுக்குக் கண்ணைப் பொத்த இன்னொரு கை வேண்டும். ஹேண்டில்பாரை யார் பிடிப்பது?

ஒருநாள் அப்படித்தான் ஒரு வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறைந்தது. ரோடு மறைந்தது, ஓரத்து மணலில் சரிந்து விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது, முன் மட்கார்டு உடைந்தது. எந்த வண்டி என்று வீட்டில் கேட்டார்கள். கண்ணே தெரியாதபோது நம்பர் எங்கே தெரியும்?

கூடத்தில் உட்கார்ந்து மாமனார் தீர்ப்பு சொன்னார். "இருட்டுன பெறகு பொம்பளைக்கு வண்டி எதுக்கு? வேலையை விட்டுடு. ஸ்கூட்டி சாவி எங்கிட்டயே இருக்கட்டும்." ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கண்ணைக் குருடாக்கும் விளக்கு ரோட்டில் இருக்கலாம், நான்தான் இருக்கக் கூடாது. நான் படித்து வாங்கிய வேலை அது. அதைக் கேட்டுக்கொண்டே என் கணவர் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் சாயங்காலம், மாமனார் மறுபடி பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். நன்றாக இருட்டியிருந்தது. "மாமா, நான் ஓட்டத் தெரியாமத்தான் வுழுந்தேன்னு சொல்றீங்க. நீங்க ஸ்கூட்டிய ஓட்டிக் காட்டுங்க, வேலையை விட்டுடறேன்" என்றேன். "இது இன்னா பெரிய வித்தையா?" என்று பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறி, தெருக்கோடி வரை போனார். கணவரிடம், "காரை எடுங்க. பழத்தை எறக்க வேணாம், லைட்டப் போட்டுட்டு எதிர மெதுவாப் போங்க" என்றேன். அந்த மட்டுக்கு மறுபேச்சில்லாமல் கேட்டார்.

திரும்பி வந்த ஸ்கூட்டி பாதித் தெருவில் ஆடியது. மாமனார் இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு கத்தினார். "எந்த அறிவுகெட்டவன்டா அது? லைட்ட எறக்குடா."

கிட்டே போனேன். "உங்க வண்டிதான் மாமா. அது எறங்காது, நீங்கதான் கட்டி வெச்சிருக்கீங்க."

அவர் ஸ்கூட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். மறுநாள் சர்வீஸுக்கு விடுவதாகச் சொல்லிக் காரை எடுத்துப் போய், கட்டை அவிழ்த்துக் கம்பியைப் பழையபடி மாட்டிக்கொண்டு வந்தார். சாவியைக் குடுங்க என்று நான் அவரிடம் போய் நிற்கவில்லை. அது ஸ்கூட்டியிலேயே இருந்தது, எடுத்துக்கொண்டேன்.