நாலு விரல் செம்மண்

எங்கள் அண்ணிக்குத் தெரு வைத்த பெயர் அளவுக்காரி. தையல் தொழில், கழுத்தில் எப்போதும் இன்ச் டேப். யார் எதைச் சொன்னாலும் தானே அளந்து பார்த்தால்தான் நம்புவாள். நான் அவளுடைய நாத்தனார், ஊரறிந்த வாயாடி. என் அண்ணன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர் போய்விடுவான். ஆகவே ஒரே வீட்டில் நானும் அவளும்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறோம்.

தெருக்கோடியில் முன்பு பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை இருந்தது. ஈயத்தை உருக்கி எடுத்து நாலு காசு பார்த்த முதலாளி, ஒருநாள் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சமெல்லாம் எங்கள் மண்ணில் தங்கியது. மண் கறுப்பு, அடிபம்புத் தண்ணீரில் காரநெடி. அண்ணியின் மகளுக்கு ஐந்து வயது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள், காலையில் சொல்லிக்கொடுத்தது மாலையில் மறந்திருக்கும். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர்.

"மருந்து தர்றேன்மா. ஆனா அதே மண்ணுல விளையாடினா திரும்பவும் ஏறும். ஒண்ணு வீட்ட மாத்துங்க, இல்ல மண்ண மாத்துங்க."

வீட்டை மாற்ற எங்களிடம் வக்கு இல்லை. அதனால் அண்ணி மண்ணை மாற்றுவதென்று முடிவு கட்டினாள். டாக்டர் அதைப் பேச்சுக்குச் சொல்லியிருப்பார். இவள் சீட்டில் எழுதிக்கொடுத்த மருந்து மாதிரி எடுத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். பணமில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அந்த நேரத்தில் பட்டறை நிலத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்று வாங்கியது. சுற்றிலும் மண் சுத்தமாகாமல் அவர்களுக்குக் கட்ட அனுமதி கிடைக்காது. அண்ணிக்கு அந்த நூல்முனை போதும். இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்தாள். பேசி முடித்தது இதுதான்: கம்பெனி முதலில் பணம் போடும். மண்ணும் நீரும் சுத்தமாகிவிட்டதென்று பரிசோதனையில் தெரியத் தெரிய, நகராட்சி பாதியைத் திருப்பித் தரும். வேலையை நடத்துவதும் கண்காணிப்பதும் நாற்பத்தெட்டு வீடுகள் சேர்ந்த எங்கள் தெருக்குழு. குழுத் தலைவி கையெழுத்து இல்லாமல் பணம் நகராது.

கடைசி வரி கம்பெனி மேனேஜருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. "ஒரு தையல்காரம்மா கையெழுத்துக்கு நாங்க காத்திருக்கணுமா?"

"துணிய வெட்டினப்புறம் அளவெடுக்க முடியாதுங்க சார். அதான் முதல்லயே சொல்லிடறேன்" என்றாள்.

ஒப்பந்தத்தில் அவர்களும் ஒரு வரி சேர்த்தார்கள். வேலைக்கு முன்னால் மண்ணை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஈயம் வரம்பைத் தாண்டியிருந்தால்தான் பணம். பரிசோதனையில் யாராவது தில்லுமுல்லு செய்தால் தெருவின் பெயரை அடித்துவிட்டு, பட்டறை நிலத்தையும் விற்றுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

மண் எடுக்கும் நாளில் அண்ணி மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். "நீ பாத்துக்கோ" என்று என்னிடம் விட்டுப்போனாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், வாசலெல்லாம் கறுப்புச் சேறு. நாலு பேர் வரும்போது வீட்டைக் கூட்டாமலா விடுவோம்? முந்தின நாளே நாலு பெண்களைச் சேர்த்து, கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ஏழெட்டு லாரி செம்மண் கேட்டு வாங்கி, தெரு முழுக்கப் பரப்பித் தண்ணீர் தெளித்தேன். வந்தவர்கள் மேல்மண்ணைச் சுரண்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் தேநீர்கூடக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. மண்ணில் குறையில்லை, பணம் தேவையில்லை.

அண்ணி அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்தச் செம்மண்ண அவங்க வந்துட்டுப் போனப்புறம்தான போட்டீங்க?"

"இல்லையே அண்ணி, முந்தின நாளே போட்டாச்சு. அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு..."

அவள் கரண்டியை எடுத்துப்போய் வாசலில் தோண்டினாள். நாலு விரல் ஆழம் செம்மண். அதற்குக் கீழே அதே கறுப்பு. எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

நகராட்சி குமாஸ்தா நல்ல மனுஷர். மழையில் அடித்துக்கொண்டு வந்த மண் என்று சொல்லச் சொன்னார். நானும் கெஞ்சினேன். "வேணாம் அண்ணி. உண்மையச் சொன்னா தில்லுமுல்லுன்னு பேர அடிச்சிடுவாங்க. பொய் சொல்ல மனசில்லன்னா சும்மாவாவது இருப்போம், அடுத்த வருஷம் திரும்பக் கேக்கலாம்."

"அடுத்த வருஷம் இவ ரத்தத்துல எவ்வளவு ஏறியிருக்கும்? நீ சொல்லு." என்று ஆஸ்பத்திரிச் சீட்டை என் முன்னால் வைத்தாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சது போதும்" என்றாள்.

மூன்று தரப்பும் கூடிய அடுத்த கூட்டத்தில் எழுந்து, மண் மேல் மண் போட்டது எங்கள் தெருதான் என்று ஒளிக்காமல் சொன்னாள். மேனேஜர் ஒப்பந்தத்தைத் திருப்பி அந்த வரியில் விரலை வைத்தார். "யார் செஞ்சது? பேரச் சொல்லுங்க."

"குழுத் தலைவி நான். பொறுப்பும் என்னோடதுதான்."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "நான்தான் சார் போட்டேன். நீங்கல்லாம் வர்றீங்கன்னு வெக்கப்பட்டுப் போட்டேன். ஏமாத்தறவ எவளாவது, தனக்கு வர்ற பணத்தத் தானே நிறுத்திக்கற மாதிரி ஏமாத்துவாளா? அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்தா இங்க ஏன் சார் நிக்கறேன்?"

நகராட்சி அதிகாரி பக்கென்று சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. அண்ணியிடம் கேட்டார்: "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மழைன்னு சொன்னா நம்பியிருப்போம். ஏம்மா சொன்னீங்க?"

"நாளைக்கு நீங்க வந்து சுத்தமாயிடுச்சுன்னு ஒரு பேப்பர் காட்டுவீங்க. அத நம்பித்தான் என் பொண்ண வாசல்ல எறக்கணும். அப்போ இன்னிக்கு என் பேப்பர் பொய்யா இருக்கலாமா? முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி எடுங்க. மூணு தரப்பும் பக்கத்துல நிப்போம். பரிசோதனைச் செலவு எங்களோடது."

மேனேஜர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். கடைசியில் மறுபடி எடுக்கச் சம்மதித்தார். அந்தச் செலவுக்கு நாற்பத்தெட்டு வீடும் கொடுத்தது. நானும் அந்த நாலு பெண்களும் இரண்டு பங்கு கொடுத்தோம்.

இரண்டாவது முடிவை நகராட்சி அதிகாரியும் மேனேஜருமே எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். கூடத்தில் தெருவே நெருக்கியடித்து நின்றது. தோண்டிய பதினாறு இடத்திலும் ஈயம் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கிறது என்று அதிகாரி வாசித்ததும் எல்லோரும் கைதட்டினோம். தன் வாசலில் விஷம் என்று கேட்டுக் கைதட்டிய கூட்டத்தை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பணம் வந்துவிட்டதே! நான் பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

அண்ணி மட்டும் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை இறக்கிக்கொண்டு வந்தாள். பதினோராவது வரியில் விரல் நின்றுவிட்டது. இருந்ததிலேயே பெரிய எண் அதுதான். எங்கள் வாசல், கதவுக்கு வலப்பக்கம்.

"மிஷின்ல இருந்து பாத்தா தெரியற இடம்" என்றாள். "கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு, தைக்கும்போதெல்லாம் இவள அங்கதான் உக்கார வெச்சேன். தவழ்ற வயசுல இருந்து. நான்தான் வெச்சேன்."

கைதட்டல் நின்றுபோனது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பணத்தை விடுவிக்கும் தாளை மேனேஜர் தயங்கித் தயங்கி நீட்டினார். "அவசரமில்லம்மா, நாளைக்குக்கூடப் போடலாம்" என்றார்.

"எங்க போடணும்?" என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு, மண் அள்ளும் வண்டி காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.