பத்தாவது கை

டிரில்லர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. பாதி ஆயுசு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியிலேயே போனது. பாறைத்தூளைத் தின்ற இருமலும், கம்ப்ரெஸர் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய குரலும்தான் மிச்சம். முதலாளி வண்டியை விற்றுத் தொலைத்ததும், மனுஷர் குட்டி போட்ட பூனை போல வீட்டுக்குள் உலாத்தினார். மனைவி தண்ணீர் கொடுத்தாலும் எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் கடல் தாண்டிக் கிணறு தோண்டும் ஒப்பந்தம் ஒன்று வந்தது. இரண்டு வருஷம். அந்த நாட்டில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. ஊசி போட்ட அட்டை இல்லாதவனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அட்டை செல்லும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆனை விலை, குதிரை விலை சொன்னார்கள். யாரோ புண்ணியவான்கள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் மலிவு. ஆனால் அங்கே ஒரு வில்லங்கம்.

"ஒரு குப்பியில பத்து பேருக்கு மருந்து இருக்கு. உடைச்சா அன்னைக்கே தீர்த்துடணும், இல்லேன்னா குப்பைதான். பத்து பேர் சேர்ந்தா உடைப்போம்," என்றார் நர்ஸம்மா.

வாரம் ஒரு நாள்தான் ஊசி. முதல் வாரம் ஆள் சேரவில்லை. அடுத்த வாரமும் கலைந்து போனார்கள். கடைசியாகப் போன அன்று, மாடி அறை பெஞ்சில் அவரோடு சேர்த்து ஒன்பது பேர். அன்றைக்கு விட்டால் பயணம் போச்சு. அவர் இடத்துக்கு வேறொருவன் தயாராக இருந்தான். டிரில்லர் வாசலையே பார்த்தார். ஈ காக்கை வரவில்லை. நர்ஸம்மா குளிர்பெட்டிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டிரில்லர் படியில் தடதடவென்று இறங்கிப் போன் போட்டார். தங்கை வீட்டுக்காரர் அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"எனக்கு எதுக்கு மச்சான் ஊசி? நான் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினதே இல்லையே!"

"நீங்க எங்கேயும் போக வேண்டாம் மாப்ள. உங்க கை ஒண்ணு வந்தா போதும்."

சிரித்துக்கொண்டே வந்தார் அந்த மகராசன். மூட்டு நோய்க்குத் தினமும் மாத்திரை. அதனால் முகம் உப்பியிருக்கும். 'எங்க வீட்டுப் பொண்ணு கைச்சாப்பாடு ஒட்டிடுச்சு' என்று டிரில்லர்தான் கேலி செய்வார். கேலிதான். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கிறது, சின்னக் காய்ச்சல் என்றாலும் ஓடி வரணும் என்று மூட்டு டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் இதே டிரில்லர்தான்.

"இது உயிருள்ள கிருமியை அடக்கிச் செஞ்ச மருந்து," என்று நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். "தினம் சாப்பிடற மாத்திரை ஏதாவது இருக்கா? இருந்தா போடக் கூடாது."

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரையே அதட்டும் அந்தக் குரல் எங்கே போனதோ, டிரில்லர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க," என்றார் மாப்பிள்ளை.

குப்பி உடைந்தது. கீழே இறங்கும்போது மாப்பிள்ளை கையைத் தேய்த்தபடி, "உங்க தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க மச்சான். வேலையத்த வேலைன்னு பிடிச்சுக்குவா," என்றார். டிரில்லருக்கும் அது வசதியாக இருந்தது.

நாலைந்து நாளில் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். பார்க்கப் போன டிரில்லர் கட்டிலோரம் உட்கார்ந்து பயணத்தைப் பற்றியே பேசினார். ஊசி போட்டால் காய்ச்சல் வரத்தானே செய்யும் என்று மனசைத் தட்டித் தூங்க வைத்தார். 'அந்த மூட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க' என்று சொல்ல நாக்கு எழவில்லை. பயந்தார். வெட்கமாகவும் இருந்தது.

விமான நிலையத்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, "சரி, போங்க," என்றார். வரிசை நகர்ந்தது. போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, நேத்தே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். உனக்குச் சொல்ல வேண்டாம்னாரு. கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. ஈரல் போயிடுச்சுங்கறாங்க, தாங்கறது கஷ்டமாம்." அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தாரு, ஏதாவது ஊசி போட்டாரான்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. இவரோ நினைவில்லாம கிடக்காரு. எங்கேயும் போகல, ஒண்ணும் போடலன்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன்."

பின்னால் நின்றவர் முன்னே போகச் சொல்லி முதுகைத் தொட்டார். டிரில்லர் நகரவில்லை.

"போட்டாரும்மா. மஞ்சள் காய்ச்சல் ஊசி. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"ஊசியா?" தங்கைக்குப் புரியவில்லை. "ஊருக்குப் போறது நீதானே அண்ணா? அவருக்கு எதுக்கு?"

"ஒரு ஆள் குறைஞ்சுதும்மா," என்றார்.