கைகொடுக்கிற நாட்டில் வோட்டில்லாதவர்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்தில் என் முதல் டியூட்டோரியல் வகுப்பு. மாணவர்கள் எழுந்து நிற்பார்கள் என்று வாசலில் ஒரு கணம் காத்திருந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் படிப்பித்தவனுக்கு முகம் கறுத்துவிட்டது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் எழும்பி நின்றார். பெயர் சிவநாதன். நாற்பது வயது, அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசா, பகலில் இறைச்சிக் கிடங்கில் வேலை, உதவித்தொகையில் படிப்பு. அவர் ‘சேர்’ என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்ததை ஏன் ஒளிக்க வேண்டும்.

பாடம், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஐரோப்பியப் பயணிகள். அங்கே முதலாளியும் வேலையாளும் சமமாகக் கைகொடுக்கிறார்களே என்று அவர்கள் வியந்ததை, நான் மேசைக்குப் பின்னால் நின்று நோட்ஸாகச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. இங்கே மாணவர்கள் வாதாடினால்தான் டியூட்டோரியல். ஐந்து வாரமாக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆறாம் வாரம் பாடப் பொறுப்பாளர் ஹெலன் வந்திருந்து பார்க்கப்போவதாக ஈமெயில் வந்தது. அடுத்த செமஸ்டர் எனக்கு வேலை உண்டா இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

ஹெலன் வரும் அன்று, வகுப்புக்கு முன் சிவநாதனைத் தனியே பிடித்து, ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் சொல்லித் தந்ததில எனக்கொரு மறுப்பு இருக்கு, சேர். எல்லாருக்கும் முன்னால சொன்னா உங்களுக்கு மரியாதையில்லை. அதான் சொல்லேல்லை.”

சமத்துவத்துக்கு டிக்டேஷன் கொடுத்த ஆள் நான். வெட்கமாகப் போய்விட்டது.

வகுப்பில் நோட்ஸை மூடிவிட்டு மாணவர்களோடு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். நான் சொல்லித் தந்ததைச் சிவநாதன் மறுக்கிறார், கேட்போம் என்றேன். அவர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னது இது:

“கைகொடுத்தவர்களைப் பார்த்தார்கள், சரி. அதே ஊரில் அடிமையாக இருந்தவர்களை யார் கணக்கில் எடுத்தது? நானும் இங்கே கிடங்கில் பொஸ்ஸைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஒன்பது வருடமாக எனக்கு வோட்டில்லை.”

முன்வரிசைப் பெண் உடனே மறுத்தாள். அடிமைகளைப் பற்றியும் எழுதிய பயணிகள் உண்டு என்றாள். இன்னொருவன் அவளை மறுத்தான். பார்க்க வந்த ஹெலனும் தன்னை மறந்து வாதத்தில் இறங்கிவிட்டார். நேரம் முடிந்தும் ஒருத்தரும் எழும்பவில்லை. இவ்வளவு வருடம் படிப்பித்ததில் எனக்கு அத்தனை சந்தோஷமான வகுப்பு வேறில்லை.

வேலை நீடித்தது. மேலும் மூன்று வருடம் நிம்மதியாகப் படிப்பித்து ஓய்வு பெற்றேன். புதிதாக வருகிற டியூட்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு மரியாதை தருவதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பவர் யாரென்று முதலில் பாருங்கள். என் வேலையைக் காப்பாற்றித் தந்தவர் அப்படிப்பட்ட ஒருவர். அவருக்கு இன்னும் வோட்டு இல்லை.