நாலு பக்கமும் ஒரு விரல் வெள்ளை

என் மனைவிக்குக் கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. இது அப்படிப்பட்ட ஒரு கோபத்தின் கதை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் செய்வது கியூஆர் பலகை. கல்யாண மண்டபத்தில் மேஜைக்கு மேஜை வைத்திருப்பார்களே, ‘நீங்கள் எடுத்த படங்களை எங்களுக்கும் அனுப்புங்கள்’ என்று எழுதி, கீழே கறுப்புக் கட்டங்களோடு, அதுதான். போனைக் காட்டினால், வந்தவர்கள் எடுத்த படங்கள் வீட்டுக்காரர்களின் பொது ஆல்பத்தில் போய்ச் சேரும். இதில் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒருநாள் எங்கள் முன்னறைக்கு வரட்டும். ஒரு பக்கம் பிரிண்டர், இன்னொரு பக்கம் லேமினேஷன் மெஷின், நாங்கள் சாப்பிட வேண்டிய மேஜைமேல் அட்டைக் கட்டு. பளபளக்கும் தாளைத் தொடவே மாட்டாள். விளக்கு பட்டால் போன் படிக்காது. ஒவ்வொரு பலகையையும் விரிசல் விட்ட என் பழைய போனில் சோதித்த பிறகுதான் கட்டுவாள். “இந்த ஓட்டை போன்ல வந்துட்டா எல்லார் போன்லயும் வரும்” என்பாள். வீட்டில் எனக்கு இல்லாத மரியாதை என் போனுக்கு.

எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டங்களைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் வெள்ளை இடம். அது இல்லாவிட்டால் கட்டம் எங்கே தொடங்குகிறது என்று போனுக்குப் பிடிபடாது.

அந்தக் கல்யாணத்துக்கு நாற்பது பலகை செய்து கொடுத்தாள். மண்டப அலங்காரக்காரர் கொண்டுவந்த கறுப்புச் சட்டங்களுக்குள் அவை நுழையவில்லை. சட்டத்தை மாற்ற அந்த மகானுபாவருக்கு மனசு வரவில்லை. பிளேடை எடுத்து, நாற்பதிலும் வெள்ளையைச் சுத்தமாக நறுக்கி, கறுப்போடு கறுப்பாக உள்ளே செருகிவிட்டார். ஒரு போனிலும் படிக்கவில்லை. ஐநூறு பேர் வந்த கல்யாணம், ஆல்பத்தில் ஒரு படம் இல்லை. கேட்டவர்களிடம், “பிரிண்ட் சரியில்லைங்க” என்று கையைக் கழுவிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பெண்ணின் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

பெண்ணின் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். மடியில் ஒரு பலகை, சட்டத்தோடு. “மேடைப் படத்துல ரெண்டே ரெண்டுலதான் இருக்கார். ரெண்டுலயும் யாரோ பாதி மறைச்சிருக்காங்க. அன்னிக்குப் பூரா வாசலுக்கும் சமையலறைக்கும் ஓடிக்கிட்டே இருந்தார். வந்தவங்க எடுத்ததாவது கிடைக்கும்னு இருந்தேன். உன்னை நம்பினேனேம்மா.”

என் மனைவி சட்டத்தைக் கழற்றினாள். நறுக்கிய ஓரத்தை விரலால் தடவினாள். வெட்டியது யார் என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. நான் நேராக அலங்காரக்காரரிடம் போனேன்.

“பார்க்க அசிங்கமா இருந்துச்சு சார், வெட்டினேன். ஒரு விரல் வெள்ளைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்றார். “அந்தம்மாகிட்ட எதுக்கு இதெல்லாம்? அடுத்த ஆறு விசேஷத்துக்கும் பலகை உங்க வீட்லயே போட்டுக்கிறேன்.”

ஒரு மனுஷனின் கடைசிப் படங்களைத் தொலைத்துவிட்டு ஆர்டர் தருகிறாராம் ஆர்டர். வீட்டுக்கு வந்து குதித்தேன்.

“அவரைத் திட்டினா படம் வருமா?” என்றாள் இவள். “நினைவுக் கூட்டத்துக்கு அதே ஜனம்தானே வரும்? அவங்க போன்ல இன்னும் இருக்கும்.”

அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு, மேலே அவர் முகத்தோடு, ஒரே பலகை செய்தாள். ‘கல்யாணத்தன்று நீங்கள் எடுத்த படத்தில் இவர் இருந்தால் அனுப்புங்கள்.’ கூட்டம் நடந்த கூடத்தின் வாசலில் அதை வைத்து, யாரும் தொடாதபடி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

படங்கள் வரத் தொடங்கின. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு அவர். யாருடைய குழந்தையையோ தோளில் வைத்துக்கொண்டு அவர். பிறகு ஒன்று வந்தது: காலையில் சீக்கிரம் வந்த யாரோ எடுத்தது. மேஜையருகே அலங்காரக்காரர் பிளேடும் கையுமாக. எதிரே, பலகை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்தபடி பெண்ணின் அப்பா.

எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் போனை அந்த அம்மாவிடம் நீட்டினேன். “யார் வெட்டினதுன்னு நீங்களே பாருங்கம்மா.”

அந்த அம்மா விரலால் அவர் முகத்தைப் பெரிதாக்கினார்.

“இப்படித்தான் சிரிப்பார்” என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, “இதைப் பெரிசா போட்டுக் குடும்மா. முழுசா வேணும், எதையும் வெட்டிடாதே” என்றார்.

போட்டுக் கொடுத்தாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் பிளேடோடு அந்த ஆளும் நிற்கிறார். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த அம்மாவின் கண்ணில் அந்த ஆள் இன்றுவரை படவில்லை.